இஸ்திரி போட்ட கோடு

போன மாதம், ஆலையின் இன்ஸ்ட்ருமென்ட் பிரிவில் இப்போது இருக்கும் உங்களில் ஒருவர் என் கைபேசிக்கு ஒரு படம் அனுப்பியிருந்தார். பெயரைச் சொல்லப்போவதில்லை, அவருக்கே தெரியும். கண்ட்ரோல் ரூம் திரையைப் படம் பிடித்து, அதில் ஒரு பச்சைக் கோட்டைச் சுற்றி வட்டம் போட்டு, “சார், எவ்ளோ ஸ்மூத்தா இருக்கு பாருங்க, நான்தான் ஃபில்டர் வச்சேன்” என்று எழுதியிருந்தார். கூடவே கைதட்டுகிற பொம்மை மூன்று. தனக்குத் தானே கைதட்டிக்கொள்ளும் தலைமுறை இது.

நான் அப்போது பெரம்பலூர் பஸ் ஸ்டாண்டில் குரும்பலூர் பஸ்ஸுக்காக நின்றுகொண்டிருந்தேன். வட்டத்துக்குள் இருந்த கோட்டின் பெயரைப் படித்ததும் வந்த பஸ்ஸை விட்டுவிட்டு ஓரமாக ஒதுங்கினேன். உடனே கூப்பிட்டு, முதலில் அந்த ஃபில்டரைப் பூஜ்ஜியத்துக்குக் கொண்டுவாருங்கள், மற்றதை அப்புறம் பேசலாம் என்றேன். கொண்டுவந்தார். ஆனால் குரல் சுருங்கிவிட்டது. ஏன் சார், நல்லாத்தானே இருந்துச்சு என்று கேட்டார். அந்த இரைச்சலில் நின்று சொல்லி முடிக்கிற விஷயமில்லை அது. அதனால்தான் எழுதுகிறேன். அவருக்கு மட்டும் சொன்னால் மற்றவர்கள் தப்பித்துவிடுவீர்கள் என்பதால் எல்லோருக்கும் சேர்த்து எழுதுகிறேன்.

லோ பாஸ் ஃபில்டர் என்றால் என்ன என்று உங்களுக்கு நான் பாடம் எடுக்கப்போவதில்லை. சூத்திரத்தோடு படித்துவிட்டு வந்தவர்கள் நீங்கள். வேகமாக ஆடுவதை விழுங்கிவிட்டு மெதுவாக நகர்வதை மட்டும் வெளியே விடுகிற சமாச்சாரம், அவ்வளவுதான். எத்தனை விநாடி என்று ஓர் எண் கொடுக்க வேண்டும். எண் கூடக்கூடக் கோடு வழவழப்பாகும். அந்த எண்ணைக் கூட்ட ஒரு விரலும், கொஞ்சம் சோம்பேறித்தனமும் இருந்தால் போதும். இரண்டும் நம் துறையில் எப்போதும் கையிருப்பில் உண்டு.

ஃபில்டருக்கு நான் விரோதி என்று நினைத்துக்கொள்ளாதீர்கள். ஆலைக்குள் குடிநீர்த் தொட்டி ஒன்று இருந்தது. மேலிருந்து தண்ணீர் கொட்டும்போது தொட்டியில் அலை எழும். அலையைப் பார்த்து மட்டம் அளக்கும் கருவி குழம்பும். மோட்டார் ஓடும், நிற்கும், மறுபடி ஓடும். இரண்டு மோட்டார் புகைந்த பிறகு நான் போய்ப் பத்து விநாடி வைத்தேன். அதற்கப்புறம் அந்தத் தொட்டி என்னைக் கூப்பிட்டதே இல்லை. அங்கே அலை என்பது வெறும் அலை. அது யாருக்கும் எதையும் சொல்லவில்லை. அதை விழுங்கியதால் யாருக்கும் நஷ்டமுமில்லை.

அந்த ஒரு தொட்டியில் கிடைத்த நல்ல பெயர்தான் என்னைக் கெடுத்தது.

நான் வேலை பார்த்ததும் நீங்கள் இப்போது இருக்கும் அதே சிமெண்ட் ஆலைதான், அரியலூருக்கும் செந்துறைக்கும் நடுவில். இந்தக் காகிதம் யார் கைக்கும் போகலாம், அதனால் பெயர் வேண்டாம். அங்கே இன்ஸ்ட்ருமென்ட் பிரிவு என் பொறுப்பு. உற்பத்தி மேலாளர் ஒருவர் இருந்தார். அவருக்குத் திரையில் எந்தக் கோடும் நடுங்கக் கூடாது. நடுங்கினால் ஆலை அவர் கட்டுப்பாட்டில் இல்லை என்று யாராவது நினைத்துவிடுவார்களாம். ஒவ்வொரு காலையும் வந்து நின்று, எது கசங்கியிருக்கிறது என்று பார்ப்பார். அவர் முகத்தைப் பார்த்துப் பேசக் கற்றவன் ஷிப்ட் ஆபரேட்டர் பாஸ்கர். அவன்தான் அந்த வார்த்தையைக் கண்டுபிடித்தான்.

“சார், ஃபேன் கோடு ஒரேயடியா கசங்கிக் கெடக்கு. வந்து ஒரு இஸ்திரி போட்டுட்டுப் போங்க.”

அன்றிலிருந்து ஃபில்டர் வைப்பதற்கு எங்கள் ஆலையில் இஸ்திரி போடுவது என்று பெயர். எனக்கு இஸ்திரிக்காரர் என்று பெயர். கேண்டீனில்கூட அப்படித்தான் கூப்பிட்டார்கள். எனக்கு அதில் பெருமை வேறு. டிப்ளமோ படித்து, இருபத்து மூன்று வருஷம் கருவிகளோடு மாரடித்தவன், தன்னைத் துணி தேய்ப்பவன் என்று சொன்னதற்கு மகிழ்ந்து சிரித்தேன். துணி தேய்ப்பவருக்காவது எந்தத் துணியை எவ்வளவு சூட்டில் தேய்க்கலாம் என்று தெரியும். எனக்கு அது தெரியாது. கூப்பிட்டால் போவேன், எண்ணைக் கூட்டுவேன், டீ குடித்துவிட்டு வருவேன்.

யாரும் எண்ணைக் குறைக்கக் கூப்பிட்டதில்லை என்பதைக் கவனியுங்கள். அந்த ஆலையில் அந்தப் பொறுப்பில் நான் இருந்த பதினைந்து வருஷத்தில் ஒரு முறைகூட இல்லை.

இனி செல்லமுத்துவைப் பற்றிச் சொல்ல வேண்டும். செந்துறைப் பக்கம் ஒரு கிராமம். அவர் குடும்பத்தில் அவருக்கு முந்தைய ஆட்கள் எல்லாம் அடுத்தவர் முந்திரிக்காட்டில் கூலி. இவர் ஆலையில் ஒப்பந்தத் தொழிலாளி. என்னைவிட எட்டு வயது சின்னவர். அவருக்குக் கீழே நாலு பேர். ஐந்து பேருக்கும் ஒரே வேலை, சைக்ளோனில் கம்பி விடுவது.

உங்களில் புதிதாக வந்தவர்கள் அந்தக் கோபுரத்தில் ஏறியிருக்கமாட்டீர்கள். லிஃப்ட் பழுதென்றால் ஏறவே மாட்டீர்கள் என்றும் கேள்விப்படுகிறேன். சைக்ளோன் என்பது வீடு உயரத்துக்கு ஒரு புனல். சுண்ணாம்புக்கல் அரைத்த மாவு அதன் வழியாகச் சூடேறிக்கொண்டே கீழே இறங்கும். கடைசியாக இருப்பது நாலாம் நம்பர். அதில் மாவின் சூடு எண்ணூறு டிகிரிக்கு மேல். அந்தச் சூட்டில் மாவு மாவாக இருக்காது, தண்ணீர் மாதிரி ஓடும். சில சமயம் புனலின் கழுத்தில் ஒட்டிக்கொள்ளும். அதனால் ஷிப்டுக்கு இரண்டு தடவை பக்கவாட்டு மூடியைத் திறந்து, நீளக் கம்பியை விட்டு, ஒட்டியதைத் தட்டிவிட வேண்டும். கழுத்து அடைத்து மேலே மாவு தேங்கியிருக்கும்போது யாராவது மூடியைத் திறந்தால், அத்தனையும் அவர் மேல்தான் வரும். ஓட நேரம் இருக்காது.

அந்தக் கழுத்தில்தான் நம் கருவி ஒன்று இருக்கிறது. உள்ளே காற்று இழுக்கும் அழுத்தத்தை அளக்கும். மாவு விழுந்துகொண்டிருக்கும்வரை அந்த அளவு நாற்பதுக்கும் எண்பதுக்கும் நடுவில் ஓயாமல் தாவும். மாவு மில்லில் தகரக் குழாயைத் தொட்டுப் பார்த்திருப்பீர்கள். தானியம் இறங்கினால் குழாய் அதிரும், நின்றால் அதிர்வும் நிற்கும். அதேதான் இதுவும். கழுத்து அடைக்கத் தொடங்கினால் முதலில் துள்ளல் செத்துப்போகும். அளவு குறைவதெல்லாம் அதற்கப்புறம்தான்.

இது எந்தக் கையேட்டிலும் கொட்டை எழுத்தில் இல்லை. செல்லமுத்துவுக்குத் தெரிந்திருந்தது. எப்படித் தெரிந்தது என்று நான் கேட்டதில்லை. தெரியாதவன் தெரிந்தவனிடம் கேட்பதை அவமானம் என்று நினைத்த காலம் அது. மூடியைத் திறக்குமுன் அவர் தளத்திலிருந்த இண்டர்காமில் கண்ட்ரோல் ரூமைக் கூப்பிட்டு ஒரே ஒரு கேள்வி கேட்பார்.

“கோடு ஆடுதுங்களா?”

ஆடுகிறது என்றால் திறப்பார். இல்லையென்றால் ஆட்களைக் கூட்டிக்கொண்டு இறங்கிவிடுவார். அவ்வளவுதான் அவர் பாதுகாப்பு விதி. கண்ட்ரோல் ரூமில் இதை வைத்து ஒரே கேலி. இவன் என்ன கம்பி விட வர்றானா, டான்ஸ் பார்க்க வர்றானா என்பான் பாஸ்கர். நானும் சேர்ந்து சிரித்திருக்கிறேன்.

அந்தக் கோட்டுக்குத்தான் இஸ்திரி போட்டேன்.

ஒரே நாளில் போடவில்லை. முதலில் கோபுரத்தில் ஏறிக் கருவியிலேயே பதினாறு விநாடி வைத்தேன். மேலாளருக்குத் திருப்தியில்லை. சில மாதம் கழித்து, நான் லீவில் இருந்தபோது, என் பிரிவிலேயே ஒருவர் கண்ட்ரோல் ரூம் கம்ப்யூட்டரில் இன்னொரு இருபது வைத்தார். எனக்குச் சொல்லவில்லை. நானும் வந்து பார்க்கவில்லை. திரை வடிவமைக்க வந்த ஆள், படம் அழகாக இருக்கட்டும் என்று அவர் பங்குக்கு ஒரு சராசரியைப் போட்டார். ஒரே துணிக்கு மூன்று பேர், மூன்று இடத்தில், ஒருத்தருக்கொருத்தர் தெரியாமல். கோடு செத்த பாம்பாகக் கிடந்தது. எல்லோரும் நல்லா இருக்கு என்றார்கள்.

செல்லமுத்து மட்டும் வழக்கம்போல் கூப்பிட்டுக் கேட்டுக்கொண்டிருந்தார். பாஸ்கரும் வழக்கம்போல், திரையை ஏறிட்டும் பார்க்காமல், “ஆடுது ஆடுது” என்று சொல்லிக்கொண்டிருந்தான். பல மாதம் இப்படியே ஓடியது. ஆடாத கோட்டை ஆடுது என்று சொல்லி, அதை நம்பி ஐந்து பேர் மூடியைத் திறந்துகொண்டிருந்தார்கள். ஒன்றும் ஆகவில்லை. ஒன்றும் ஆகாதவரை நாமெல்லாம் கெட்டிக்காரர்கள்தான்.

அப்புறம் தலைமை அலுவலகத்திலிருந்து நாலு பேர் ஆலையைப் பார்க்க வந்தார்கள். அதற்கு ஒரு வாரம் முன்பிருந்தே மேலாளர் தரையில் நிற்கவில்லை. மரத்துக்கெல்லாம் வெள்ளை அடித்தார்கள். மரத்தில் படிந்திருந்ததும் சுண்ணாம்புதான், அடித்ததும் சுண்ணாம்புதான், அதை யார் கேட்பது? எனக்கு வந்த உத்தரவு, திரையில் ஒரு கோடுகூடக் கசங்கியிருக்கக் கூடாது என்பது. அன்று காலை எட்டு மணிக்கு நானே உட்கார்ந்து, நாலாம் நம்பர் ஃபில்டரை அறுபது விநாடியாக்கினேன். இருபதா இருந்ததே, யார் வைத்தது என்று ஒரு கணம் யோசித்தேன். ஒரே ஒரு கணம்தான். டை கட்டியிருந்தேன், அது சரியாக இருக்கிறதா என்று பார்க்க வேண்டியிருந்தது.

பதினொன்றரைக்கு நாலு பேரும் கண்ட்ரோல் ரூமுக்கு வந்தார்கள். மேலாளர் விளக்கிக்கொண்டிருந்தார். பாஸ்கர் விறைப்பாக உட்கார்ந்திருந்தான். நான் சுவரோரம் பெருமையாக நின்றிருந்தேன். இண்டர்காம் அடித்தது. செல்லமுத்து.

பாஸ்கர் தனியாக இருந்திருந்தால் ஆடுது ஆடுது என்று சொல்லி வைத்திருப்பான். ஆனால் முதுகுக்குப் பின்னால் பெரிய மனிதர்கள் நிற்கிறார்களே. பொறுப்பான ஆள் என்று காட்ட வேண்டாமா? திரையை உற்றுப் பார்த்தான். நாலு பேருக்கும் கேட்கிற மாதிரி, நிறுத்தி நிதானமாகச் சொன்னான்.

“ஆடவே இல்லப்பா. அப்படியே கல்லு மாதிரி நிக்குது. பிரமாதமா இருக்கு.”

பல மாதத்துக்குப் பிறகு அந்தத் தொலைபேசியில் ஒருவன் உண்மை சொன்னான். அதையும் பந்தாவுக்காகத்தான் சொன்னான். அவனுக்கு நிற்பது என்றால் நல்லது. செல்லமுத்துவுக்கு நிற்பது என்றால் சாவு. ஒரே வார்த்தைதான்.

மறுமுனையில் செல்லமுத்து தன் ஆட்களைக் கூப்பிடுவது கேட்டது. அப்புறம், “நிக்குதுங்களா? அப்ப நாங்க எறங்குறோம்ங்க” என்று கேட்டது. பாஸ்கர் திருதிருவென்று விழித்தான். மேலாளர் ரிசீவரைப் பிடுங்கினார். வந்தவர்கள் முன்னால் ஓர் ஒப்பந்தக் கூலி வேலை செய்யமாட்டேன் என்கிறான், அவருக்கு மானம் போய்விட்டது. யாரைக் கேட்டு இறங்குகிறாய், ஒழுங்காக மூடியைத் திறந்து வேலையைப் பார் என்று பல்லைக் கடித்துக்கொண்டு சொன்னார்.

செல்லமுத்து குரலை உயர்த்தவில்லை. எனக்கு அது தெளிவாகக் கேட்டது.

“கோடு ஆடலன்னா தொறக்க மாட்டோம்ங்க. அஞ்சு பேர் இருக்கோம் சார் மேல.”

அதோடு வைத்துவிட்டார். மேலாளர் உடனே ஒப்பந்தக்காரரைக் கூப்பிட்டு, ஐந்து பேரும் கீழே வந்ததும் கேட் பாஸைப் பிடுங்கி வெளியே அனுப்பச் சொன்னார். சோம்பேறிப் பசங்க, வேற செட்டை ஏத்துங்க என்றார். வந்தவர்களிடம் திரும்பி, இவங்களை வச்சுக்கிட்டுத்தான் சார் மாரடிக்க வேண்டியிருக்கு என்று சிரித்தார். அவர்களும் சிரித்தார்கள்.

நான் சிரிக்கவில்லை என்று சொல்ல ஆசைதான். கொஞ்சம் சிரித்தேன். சிரித்துக்கொண்டே அந்தக் கோட்டைப் பார்த்தேன். அறுபதில் இருக்க வேண்டியது ஐம்பத்தொன்பதில் இருந்தது. கொஞ்சம் கழித்து ஐம்பத்தேழு. எண்ணெய் வடிகிற மாதிரி அவ்வளவு நைசாக இறங்கிக்கொண்டிருந்தது. முப்பதுக்குக் கீழே போனால்தான் அலாரம் அடிக்கும். என் அறுபது விநாடியைத் தாண்டி அது முப்பதைத் தொடுவதற்குள், அடுத்த தளத்தில் இருக்கும் வேறு செட் மூடிக்கு முன்னால் வந்து நின்றிருக்கும்.

அப்போதுதான் எனக்கு உறைத்தது. உறைத்த பிறகும் உடனே நகரவில்லை, அதையும் எழுதிவிடுகிறேன். இத்தனை பேர் முன்னால் எண்ணை மாற்றினால் ஏன் என்று கேட்பார்கள். ஒருவேளை ஃபில்டரை எடுத்ததும் கோடு துள்ளினால் செல்லமுத்து பொய் சொன்னதாகிவிடும், நான் தப்பித்துவிடுவேன். துள்ள வேண்டும் என்று வேண்டிக்கொண்டேன். ஒரு மனுஷனுக்கு வேலை போகட்டும், என் இஸ்திரி நல்ல இஸ்திரியாக இருக்கட்டும் என்று வேண்டிக்கொண்டேன். நீங்கள் சார் சார் என்று கூப்பிடும் ஆள் இவன்தான்.

பாஸ்கரை நகரச் சொல்லிவிட்டு, அறுபதை அழித்துப் பூஜ்ஜியம் அடித்தேன். அப்போதுதான் கண்ணில் பட்ட திரைச் சராசரியையும் எடுத்தேன். ஐம்பதுகளில் மிதந்துகொண்டிருந்த கோடு தடாலென்று விழுந்தது. இன்னும் அரை நிமிடத்தில் அடிமட்டத்தில் போய்ப் படுத்துக்கொண்டது. ஒரு துள்ளல் இல்லை. பாஸ்கரைக் குறை சொல்லக் கூடாது, அவன் கை உடனே போய் மாவு வரத்தை நிறுத்தியது. வந்தவர்களில் ஒருவர் என்ன ஆச்சு என்று கேட்டார். மேலாளர், சென்சார் லேசா மக்கர் பண்ணுது சார், வாங்க சாப்பாட்டுக்குப் போகலாம் என்று அழைத்துக்கொண்டு போனார்.

அன்று பிற்பகல், முழு உடுப்பு மாட்டிய வேறு ஆட்கள் கீழ்த்தளத்தில் நின்று தண்ணீரைப் பீய்ச்சி அடைப்பை உடைத்தார்கள். உடையும்போது தேங்கியிருந்த மாவு பக்கவாட்டு மூடியைப் பிய்த்துக்கொண்டு மேல் தளத்தில் கொட்டியது. அங்கே யாரும் இல்லை. மறுநாள் சூடு ஆறிய பிறகு நான் ஏறிப் போனேன். மூடிக்குப் பக்கத்தில் தரையோடு தரையாக ஒரு நீலப் பிளாஸ்டிக் கட்டி ஒட்டிக்கிடந்தது. முதலில் என்னவென்று தெரியவில்லை. அப்புறம் கைப்பிடியை வைத்துக் கண்டுபிடித்தேன். ஐந்து பேரும் குடிக்க வைத்திருந்த தண்ணீர் கேன்.

இதைப் பார்த்துவிட்டு நேராகப் போய் உண்மையைச் சொன்னேன் என்று நினைக்கிறீர்களா? அப்படி முடிந்தால் நன்றாகத்தான் இருக்கும்.

மேலாளர் அறிக்கை தயார் செய்திருந்தார். கருவிக் கோளாறால் அளவு தவறாகக் காட்டியது, ஆபரேட்டரின் சமயோசிதத்தால் விபத்து தவிர்க்கப்பட்டது, கருவி மாற்றப்பட்டது. மேலே ஏறிய ஐந்து பேரைப் பற்றி ஒரு வரி இல்லை. நான் கையெழுத்துப் போட்டேன். போட்டதோடு நிற்கவில்லை. கருவி மாற்றப்பட்டது என்று எழுதியாகிவிட்டதே, அது பொய்யாகக் கூடாது என்று, நன்றாக இருந்த கருவியைக் கழற்றிவிட்டுப் புதிதாக ஒன்றை மாட்டினேன். பூசி மெழுகுவதில் எனக்கிருந்த நேர்மையைப் பாருங்கள்.

செல்லமுத்துவும் மற்ற நாலு பேரும் வேலைக்கு மறுத்தவர்கள் என்று வெளியே நின்றார்கள். தினமும் காலையில் செந்துறையிலிருந்து பஸ் ஏறி வந்து கேட் எதிரில் புளியமரத்தடியில் உட்கார்ந்திருப்பார்கள். என் வண்டி அவர்களைத் தாண்டித்தான் உள்ளே போக வேண்டும். முதல் நாள் தலைகுனிந்து போனேன். இரண்டாம் நாள் போனில் பேசுவது மாதிரி போனேன்.

மூன்றாம் நாள் கண்ட்ரோல் ரூமில் இருந்தபோது இண்டர்காம் அடித்தது. புது செட். அந்த ஆள், “சார், தொறந்துரலாமா?” என்று கேட்டான். கோட்டைப் பற்றி ஒன்றும் கேட்கவில்லை. பாஸ்கரும் சட்டென்று, தொறங்க தொறங்க என்றான்.

எனக்குக் கை நடுங்கியது. நல்லவேளை, என் கைக்கு யாரும் இஸ்திரி போட்டிருக்கவில்லை. அந்த ஆலையில் அந்தக் கோட்டை எப்படிப் படிக்க வேண்டும் என்று தெரிந்த ஒரே மனுஷனைப் புளியமரத்தடியில் உட்கார வைத்துவிட்டு, தெரியாதவனை மூடிக்கு முன்னால் நிறுத்தியிருந்தோம். பாஸ்கரைத் தள்ளிவிட்டு ரிசீவரை வாங்கி, திறக்காதே என்றேன். கோடு அப்போது துள்ளிக்கொண்டுதான் இருந்தது. அதைப் பார்த்த பிறகுதான் திறக்கச் சொன்னேன்.

அப்புறம் லாக் புத்தகத்தை எடுத்து என் கையெழுத்தில் எழுதினேன். நாலாம் நம்பர் சைக்ளோன் கோட்டுக்கு மூன்று இடத்தில் ஃபில்டர் இருந்தது. முதலில் வைத்தவன் நான். அன்று காலை கூட்டியவனும் நான். கருவியில் கோளாறு எதுவுமில்லை. கோடு ஆடவில்லை என்று இறங்கியவர் செய்தது சரி. அவர் இறங்கியிருக்காவிட்டால் ஐந்து பேர் போயிருப்பார்கள். அறிக்கையில் நான் போட்ட கையெழுத்து பொய். கீழே பெயரை முழுதாக எழுதினேன்.

ஆலைத் தலைவரிடம் புத்தகத்தை நீட்டினேன். படித்துவிட்டு, இதைக் கிழித்துவிட்டு வேறு பக்கம் எழுதலாமே, உங்க பேருதானே கெடும் என்றார், அன்பாகத்தான். பக்கத்துக்கு எண் இருக்கிறது சார் என்றேன். மேலாளர் அதற்கப்புறம் என்னோடு பேசவில்லை. அது ஒரு லாபம்.

எனக்கு மெமோ வந்தது. பிறகு பேக்கிங் பிரிவுக்கு மாற்றல். மூட்டை எடை சரியா என்று பார்த்துக்கொண்டிருக்கும் வேலை. ஓய்வுபெறும்வரை அங்கேதான் இருந்தேன். நாலாம் நம்பர் ஃபில்டரை இனி யாரும் தொடக் கூடாது, தொட்டால் கம்பி விடும் செட்டின் கையெழுத்து வேண்டும் என்று ஓர் உத்தரவு போட்டார்கள். திரைக்குப் பக்கத்தில் அதை ஒட்டியும் வைத்தார்கள். போன மாதம் வந்த படத்தில் வட்டம் போட்டிருந்தது அதே நாலாம் நம்பர் கோடுதான். அந்தக் காகிதத்தை எடுத்தது யார் என்று நான் கேட்கப்போவதில்லை. சுவருக்குப் பெயிண்ட் அடித்திருப்பீர்கள். வேறென்ன?

எத்தனை விநாடி வைக்கலாம் சார் என்று இனி என்னிடம் யாரும் கேட்காதீர்கள். அது கடைசிக் கேள்வி. இந்த நடுக்கத்தை நம்பி யாராவது எங்காவது நிற்கிறார்களா என்பது முதல் கேள்வி. அதற்குப் பதில் திரையில் இருக்காது. படி ஏறிப் போய்க் கேட்க வேண்டும். மூச்சு வாங்கும், பரவாயில்லை.

மாற்றல் உத்தரவு வந்த அன்றே செல்லமுத்துவுக்கும் மற்ற நாலு பேருக்கும் கேட் பாஸ் திரும்பக் கிடைத்திருந்தது. எனக்குத் தெரியாது. சாவிகளை ஒப்படைக்கக் கண்ட்ரோல் ரூமுக்குப் போயிருந்தேன். இண்டர்காம் அடித்தது. பாஸ்கர் எடுத்தான், கேட்டான், சார் இங்கதான் இருக்கார் என்றான், ரிசீவரைப் பொத்திக்கொண்டு என்னைப் பார்த்தான். உங்ககிட்டதான் கேக்கணுமாம் என்றான்.

“கோடு ஆடுதுங்களா?”

ஆடுது என்றேன்.

“பாத்துட்டுச் சொல்றீங்களா, பழக்கத்துல சொல்றீங்களா?”

அத்தனை மாதமும் அவருக்குத் தெரிந்திருக்கிறது. கீழே ஒருவன் பார்க்காமலே சொல்கிறான் என்று தெரிந்துதான், வேறு வழியில்லாமல் திறந்திருக்கிறார். நாற்காலியில் உட்கார்ந்து ஒரு நிமிடம் முழுதாக அந்தக் கோட்டைப் பார்த்தேன். கசங்கி, கிழிந்து, தாறுமாறாகத் துள்ளிக்கொண்டிருந்தது.

“பாத்துட்டேன். நாப்பத்தஞ்சு, எழுவத்தெட்டு, அம்பது, எழுவது. நிக்கவே இல்ல.”

“சரிங்க. தொறக்குறோம்.”

அவர் ரிசீவரை வைக்கவில்லை. அப்படியே தொங்கவிட்டுவிட்டுப் போயிருக்க வேண்டும். இரும்புத் தாழ் நகர்வது கேட்டது. கம்பி உள்ளே போய் இடிப்பது கேட்டது. ஐந்து பேரில் யாரோ யாரையோ திட்டுவது கேட்டது. நான் கோட்டிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. வாசலில் ஒருவர் வந்து, பேக்கிங் பக்கம் போற வண்டி கெளம்புது, வர்றீங்களா என்று கேட்டார். மூடி இன்னும் மூடவில்லை, வண்டி போகட்டும் என்றேன்.